டீச்சர் வீட்டுக் கம்பளம்

செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்படுவதில் உள்ள பெரிய கஷ்டம், அவளோடு ஒரு நாள்கூட நின்று சண்டை போட முடியாது என்பதுதான். உயிரோடு இருப்பவள் என்றால் குண்டாவாள், பாலைப் பொங்கவிடுவாள், நாலு பேர் எதிரில் அசடு வழிவாள். பார்க்கிற நமக்கும் கொஞ்சம் வயிறு குளிரும். டீச்சர் இதில் எதையும் செய்யத் தயாராக இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எந்த வயதில் போய்ச் சேர்ந்தாளோ அதே வயதில், ஹால் சுவரில், ஒரு முடி கலையாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பார்லரம்மா அந்தப் படத்தை வாரா வாரம் துடைத்துவைப்பாள். படத்தோடு அவளுக்குத் தகராறு கிடையாது. படம் சுவரோடு இருந்தது. மற்றதெல்லாம்தான் வீடு முழுக்க நடமாடியது. சமையலறை டப்பாக்களில் 'உப்பு', 'சர்க்கரை', 'தேயிலை' என்று உருண்டை உருண்டையாக டீச்சர் எழுதி ஒட்டிய சீட்டுகள். உப்பு எது, சர்க்கரை எது என்று தனக்குத் தெரியாதா என்ன? பார்சல் கொண்டுவருகிறவன் கதவைத் தட்டி, "டீச்சர் வீடுதானே?" என்பான். "இல்லை" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் பார்சல் திரும்பிப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள்.

பார்லரம்மா என்பது தெரு வைத்த பெயர். தெருமுனையில் ஆண் பெண் எல்லாருக்கும் முடி வெட்டி, தலைக்குச் சாயம் போடுகிற கடை அவளுடையது. லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். அவருக்கு இரண்டாவது கல்யாணம், அவளுக்கும் இரண்டாவதுதான். ஆனால் அவளுடைய முதல் புருஷனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மெக்கானிக்கும் கேட்டதில்லை. அது வேறு எரிச்சல். தான் மட்டும் இங்கே வெந்து சாக, இந்த மனுஷனுக்கு ஒரு துளிப் பொறாமைகூடவா வராது?

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கம்பளத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஹால் நடுவில் கிடந்தது அது. ஆறடிக்கு நாலடி, சந்தன நிறம், சுத்தமான கம்பளி, இரண்டு ஓரத்திலும் பருத்தி நூல் குஞ்சம். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆசை ஆசையாக வாங்கியது. அதன் ஓரத்தில், டீப்பாய்க்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பக்கத்திலேயே இரண்டு சின்னப் பொட்டு. மெக்கானிக் அந்தக் கறையை மிதித்து அவள் பார்த்ததே இல்லை. நாளெல்லாம் லிப்ட்டுக்குள் கிரீஸும் கையுமாகப் புரண்டுவிட்டு வருகிற மனுஷன், அந்த இடம் வந்ததும் மட்டும் காலை அரையடி அகலமாக எடுத்துவைத்துத் தாண்டிப் போவார்.

வந்த புதிதில் அவள் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வினிகர் விட்டாள், சோடா மாவு தூவினாள். கறை அசையவில்லை. பிறகு ஒரு நாள் கார்பெட் துவைக்கிறவர்களை வரச்சொல்லிப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அதைத் தொடாத. இருக்கட்டும்."

"கறைங்க அது."

"தெரியும். இருக்கட்டும்னா இருக்கட்டும்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் 'வேண்டாம்' என்று சொன்னது அந்த ஒரே விஷயத்துக்குத்தான். சினிமாவுக்கு வேண்டாம் என்றதில்லை, அவள் தங்கை வந்து ஒரு மாதம் தங்கியபோது முகம் சுளித்ததில்லை. ஒரு கறைக்குப் போய் வேண்டாம் என்றால் அந்தக் கறையில் என்னவோ இருக்கிறது.

என்ன இருக்கிறது என்பதை நாத்தனார் சொல்லிவிட்டாள். மெக்கானிக்குக்கு அக்கா, அடுத்த தெருவில் வீடு, தினம் ஒரு முறை வந்து "டீச்சர் இருந்தப்போ" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "நல்லாத்தான் இருந்தா. கையில டம்ளரோட நின்னுட்டு இருந்தா, அப்படியே சாஞ்சுட்டா. ஒரு நிமிஷம் கூடப் படுக்கல. புண்ணியவதி."

டீச்சர் கையில் இருந்த டம்ளரையும் தரையில் இருந்த கறையையும் பார்லரம்மா சேர்த்துவைத்துப் பார்த்தாள். அது டீச்சர் குடிக்காமல் கொட்டிய கடைசி டீ. அதைத்தான் அவர் மிதிக்காமல் தாண்டிப் போகிறார். அன்றைக்கு மூண்டது அடங்கவே இல்லை. மனைவியின் படத்தை வைத்துக்கொள்ளலாம், புடவையை வைத்துக்கொள்ளலாம், டீ கொட்டிய இடத்தையுமா வைத்துக்கொண்டு உருகுவது? தான் தினம் நாலு வேளை இவருக்கு டீ போட்டுக் கொடுக்கிறோமே, அதில் ஒரு சொட்டையாவது இவர் நினைத்துப் பார்த்திருப்பாரா?

அந்த மாதம் அவருக்கு வெளியூரில் நாலு நாள் வேலை வந்தது. புதுக் கட்டடம், இரண்டு லிப்ட். பெட்டியோடு அவர் தெருமுனை திரும்பினதும் பார்லரம்மா கடைக்கு விடுமுறை என்று அட்டையைத் தொங்கவிட்டாள்.

கறை போகாது. சரி, போக வேண்டாம். கம்பளத்தையே கறையை விடக் கறுப்பாக்கிவிட்டால் கறை எங்கே போய் ஒளியும்? கருநீலம். டீச்சருக்குப் பிடிக்காத நிறம் என்று நாத்தனாரே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குப் பயமே இல்லை. கம்பளி என்றால் என்ன? ஆட்டு முடி. முடி என்று வந்துவிட்டால் இந்த ஊரில் அவளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. பதினெட்டு வருஷமாகத் தலைகளுக்குச் சாயம் போடுகிறாள். பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்து, கிண்ண விளிம்பில் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் தலைக்குக் கொண்டுபோவாள். "என் கையில இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு கீழ விழுந்தது கிடையாது" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கடையில் வேலை செய்யும் பெண்களைத்தான் திட்டிக்கொண்டே இருப்பாள். "கலக்குறப்போ வெண்ணெய் மாதிரி வெள்ளையா இருக்கேன்னு அலட்சியமா சிந்தாதீங்கடி. அரை மணி கழிச்சுத்தான் அது யாருன்னு காட்டும்." அப்படியும் கடைத் துண்டுகள் எல்லாம் பழுப்புப் பழுப்பாகத்தான் இருந்தன.

இந்த வீட்டுக்கே அவள் முதலில் சாயக் கிண்ணத்தோடுதான் வந்தாள். டீச்சர் போய் ஒன்றரை வருஷம் கழித்து, தம்பிக்கு வேறொரு பெண்ணைப் பேசி முடிக்க நாத்தனார் ஏற்பாடு செய்திருந்தாள். மறுநாள் பெண்வீட்டார் பார்க்கும்போது நரை தெரியக்கூடாது என்று கடைக்காரியை வீட்டுக்கே வரச்சொன்னாள். பார்லரம்மா இதே ஹாலில் பேப்பரை விரித்து, நாற்காலியைப் போட்டு, மெக்கானிக்கை உட்காரவைத்துச் சாயம் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு அவர் சரிப்படாது என்று வந்துவிட்டார். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் கடைக்கு வர ஆரம்பித்தார். அவருடைய நரைக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தரம் போதும்.

அதையெல்லாம் நினைக்க இப்போது நேரமில்லை. புதுத் தலைக்குச் சாயம் போடுமுன் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் பூசிப் பார்ப்பது தொழில் வழக்கம். கம்பளத்துக்குக் காது ஏது? சோபாவுக்கு அடியில் போகிற மூலையைக் காதாக வைத்துக்கொண்டாள். வெந்நீரில் கரைத்த கம்பளிச் சாயமும் வினிகரும் பட்ட மாத்திரத்தில் மூலை கருநீலத்தைக் குடித்தது. பார்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

லிப்ட் மெக்கானிக் வீட்டில் லிப்ட் கிடையாது. கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டு, இரண்டு மாடி ஏறி மொட்டைமாடியில் விரித்தாள். முதலில் ஷாம்பு போட்டு அலசினாள். ஈரம் வடிந்ததும், தலைக்கு வகிடு எடுக்கிற மாதிரி சீப்பின் வாலால் வரிசை வரிசையாகப் பிரித்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற பிரஷ்ஷால் அடிவரைக்கும் சாயத்தை ஏற்றினாள். முகத்துக்கு ஆவி பிடிக்கிற மெஷினைக் கடையிலிருந்து தூக்கிவந்து, மேலே ஈரத் துணி போர்த்தி, பகல் பூராவும் முழம் முழமாக ஆவி காட்டினாள். கறை இருந்த ஓரம் வந்தபோது மட்டும் பிரஷ்ஷை இரண்டு தரம் அழுத்தி இழுத்தாள். "போ" என்றாள் வாய்விட்டே. "அஞ்சு வருஷம் இருந்தது போதும், போ."

அலசி முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு போயிருந்தது. கைப்பிடிச் சுவரில் தொங்கிய கம்பளம் ஈரத்தில் ஒரே கருப்பாக இருந்தது. கறை எங்கே என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. குஞ்சம் மட்டும் சாயத்தைக் குடிக்காமல் வெளுப்பாக நின்றது. பருத்தி அப்படித்தான், அதுவும் ஒரு அழகுதான். அந்த வீட்டில் மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் வெயிலில் காய்ந்த கம்பளத்தை இறக்கி ஹாலில் விரித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

நட்டநடுவில், கருநீலத்துக்குள், பளீரென்று சந்தன நிறத்தில் ஒரு முக்கோணம். அடி அகலமாக, நுனி கூராக. ஈரத்தில் தெரியாமல் இருந்தது, காயக் காய வெளியே வந்திருக்கிறது. குனிந்து விரலால் துழாவினாள். மற்ற இடத்தில் முடி முடியாக இருந்தது, இங்கே மட்டும் நூல் மெத்து மெத்தென்று இருந்தது. மிச்சமிருந்த சாயத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். துடைத்ததும் பழையபடி வெளுத்துக்கொண்டு நின்றது.

நாத்தனாருக்கு இந்த மாதிரி நேரமெல்லாம் எப்படித்தான் தெரியுமோ, அப்போது பார்த்து உள்ளே வந்தாள்.

"என்னடி இது, கார்பெட்டை என்ன பண்ணி வச்சிருக்கே?" என்றவள் முக்கோணத்தைப் பார்த்ததும் உட்கார்ந்தேவிட்டாள். உள்ளங்கையால் அதைத் தடவினாள். "அடேயப்பா! இது டீச்சர் போட்ட தையல் இல்ல?"

"என்ன தையல் அண்ணி?"

"ஸ்கூலுக்கு லேட்டாச்சுன்னு இதும் மேலயே புடவையை விரிச்சு அயர்ன் பண்ணிட்டு இருந்தா. போன் வந்துச்சுன்னு எழுந்து போனா. வந்து பார்த்தா புடவையும் போச்சு, கார்பெட்டும் ஓட்டை. ஸ்வெட்டர் பின்ற நூலை இதே கலருக்குக் கடை கடையா தேடி வாங்கிட்டு வந்து, ஒரு மாசம் உட்கார்ந்து தச்சா. எங்க தச்சிருக்கேன் சொல்லுங்கன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் பந்தயம் கட்டுவா. கடைசி வரைக்கும் ஒருத்தராலயும் காட்ட முடியல." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீதான் காட்டிட்டே."

ஸ்வெட்டர் நூல். மில்லில் செய்கிற செயற்கை நூல். அது ஆட்டு முடியே இல்லை, கம்பளிச் சாயம் அதில் எந்தக் காலத்திலும் ஏறாது. எல்லாமே முடிதான் என்று நினைத்து ஒரு மூலையை மட்டும் காது பார்த்த புத்தியை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது? இவ்வளவு நாள் ஊரில் யாருக்கும் தெரியாமல் கிடந்த டீச்சரின் கைவேலைக்குத் தானே சுற்றிலும் கருநீலத்தில் சட்டம் போட்டு, ஹால் நடுவில் மாட்டிவைத்தாகிவிட்டது. சுவரில் ஒரு படம், தரையில் ஒரு படம்.

நாத்தனார் போனதும் டீப்பாயை இழுத்து அதன் மேல் போட்டாள். அயர்ன் பாக்ஸின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டீப்பாயைத் திருப்பிப் போட்டாள். இப்போது வால் தெரிந்தது. "எங்க போனாலும் வர்றியேடி" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதாள். துக்கத்தில் அழவில்லை. தோற்றுப்போன ஆத்திரத்தில் அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் மெக்கானிக் வந்தார். செருப்பை விட்டார், பெட்டியை வைத்தார், ஹாலுக்குள் கால் வைக்கப் போனவர் கம்பளத்தின் விளிம்பில் நின்றார். பார்லரம்மா சமையலறை வாசலில், சண்டைக்குத் தேவையானதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு நின்றாள்.

அவர் முக்கோணத்தைப் பார்க்கவே இல்லை. டீப்பாய் முன்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, கருநீலத்தில் கையை வைத்துத் தேடினார்.

"இங்க இருந்துச்சே?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. நான்தான் அழிச்சேன்" என்றாள் பார்லரம்மா. "கோபம் வந்தா திட்டுங்க. டப்பாவுல அவங்க எழுத்து, வாசல்ல அவங்க பேரு, அக்கா வாயில அவங்க பேச்சு. அவங்க கொட்டின டீயை வேற நீங்க தினம் தாண்டித் தாண்டிப் போறதை நான் பார்க்கணுமா? என்னால முடியலங்க. எனக்கு அவங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கு. போதுமா?"

"யார் கொட்டின டீ?"

"டீச்சர் கொட்டினது. கையில டம்ளரோட விழுந்தாங்கல்ல."

மெக்கானிக் நிமிர்ந்தார். "அவ விழுந்தது சமையல்ரூம்ல. டம்ளர்ல இருந்தது வெந்நீர். டீச்சர் டீயே குடிக்க மாட்டா."

"அப்ப இது?"

"நீ சிந்தினது."

பார்லரம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "நானா? என் கையில இருந்தா? நான் பேப்பர் விரிச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

"பேப்பர் விரிச்ச. பாதியில அக்கா கூப்பிட்டாங்க. பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டே திரும்பின. பேப்பரைத் தாண்டி விழுந்துச்சு. வெள்ளையா இருந்ததால எனக்கும் அப்பத் தெரியல. நீ போனப்புறம் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து பார்த்தா பழுப்பா இருக்கு. சாயங்காலம் கறுத்துப் போச்சு. அப்புறம் நாள் ஆக ஆக மறுபடி பழுப்பாயிடுச்சு."

கடைத் துண்டு ஒவ்வொன்றிலும் தினம் பார்க்கிற பழுப்பு. சோப்புக்கும் சோடாவுக்கும் அசையாதது. டீ என்றால் இரண்டாம் தேய்ப்பிலேயே பாதி போயிருக்கும். தொழில்காரி கண்ணுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது, அவளுக்குத் தெரியவில்லை. தெரிய விடாமல் டீச்சரைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கல்யாணமாகி வந்த வாரமே பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டு நின்னே. 'என் கையில இருந்து ஒரு சொட்டு கீழ விழுந்தது கிடையாது'ன்னு. நான் போய் 'இதோ விழுந்திருக்கு'ன்னு சொல்லவா?" அவர் இன்னும் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "மறுநாள் அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்புறப்போ இதைப் பார்த்தேன். போற வழியெல்லாம் இதே ஞாபகம். அங்க என்ன கேட்டாங்க, நான் என்ன சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வந்து அக்காகிட்ட சரிப்படாதுன்னுட்டேன். அதான் தொடாதன்னு சொன்னேன்."

பார்லரம்மா தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் வயிறெரிந்தது தன்னைப் பார்த்தே. பகல் பூரா ஆவி காட்டி, இடுப்பொடிய அலசி, 'போ போ' என்று விரட்டியதும் தன்னையே. இந்த வீட்டில் தனக்கென்று இருந்த ஒரே ஒரு இடத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, டீச்சரைத் துலக்கி நடுவில் வைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

"ஆமா, இது என்ன?" என்று அவர் அப்போதுதான் டீப்பாய்க்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த மூக்கைக் கவனித்தார். "டீச்சர் தையல்! இங்கயா இருந்துச்சு? நான் சோபா பக்கம்னுல்ல பந்தயம் கட்டினேன்."

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்" என்றாள் பார்லரம்மா. டீச்சர் மேல் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டதா என்றால், அதெல்லாம் போகவில்லை. அவர் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மறுபடி ஒரு கடி கடித்தது. ஆனால் டீப்பாயை அவள் அதற்கப்புறம் நகர்த்தவில்லை. மூக்கு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்தில் சாயம் கலக்கினாள். வெளியூர் வெயிலில் அவர் காதோரம் நரை நன்றாகவே எட்டிப் பார்த்தது. நாற்காலியைக் கொண்டுவந்து கம்பளத்தில் போட்டாள். மெக்கானிக் வழக்கம்போல் பழைய பேப்பரோடு வந்தார்.

"அது எதுக்கு? உள்ள வைங்க" என்றாள்.

அவர் பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேப்பரை மடித்து சோபாவில் போட்டார். பிறகு நாற்காலியைத் தூக்கிக் கம்பளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய், சாயம் ஏறாமல் வெளுப்பாக நின்ற குஞ்சத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நடுவுல எங்க விழுந்தாலும் தெரியாது" என்றார்.

"என் கையில இருந்து விழாது."

"சரி, பார்ப்போம்."

வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்த சாயத்தில் பார்லரம்மா பிரஷ்ஷைத் தோய்த்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கிண்ணத்தின் விளிம்பில் துடைக்காமல் வெளியே எடுத்தாள்.